வேப்பம் பிசினும் கறுப்பு பெயின்ட்டும்

1. விழுப்புரத்து எண்ணெய் மில்லின் சோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. புதன்கிழமை அங்கிருந்து திண்டிவனத்துக்கு அப்பாவின் கறுப்புக் காரை நானே ஓட்டி வந்தேன்.
2. அப்பா காட்டிய இடத்தில், வீட்டு வேப்பமரத்தடியில், நிறுத்தினேன்.
3. கரண்ட் கம்பி இழுக்க வந்தவர்கள் அன்றுதான் அந்த மரத்தில் இரண்டு கிளைகளை வெட்டியிருந்தார்கள்.
4. பூசை விடுமுறை என்பதால் இரண்டு நாள் வண்டியை எடுக்கவில்லை. வெட்டுப்பட்ட இடம் சொட்டிக்கொண்டே இருந்தது.
5. ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவப் போனபோது பானெட் முழுக்கத் தேன் நிறத்தில் பிசின் கட்டிகள்.
6. பழி என்மேல் விழுந்தது.

எங்களோடு இருக்கும் அத்தை, அப்பாவுக்கு அக்கா, பானெட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"வேம்பு அழுவுது பாருடா. பொட்டப்புள்ள வண்டி ஓட்டிக்கினு ஊரச் சுத்தறது ஆத்தாவுக்கே அடுக்கல. சாவிய வாங்கி வையி."

"ஆத்தாவுக்குக் கோவம்னா கிளைய வெட்னவன் மண்டையில இல்ல சொட்டணும், அத்தை?"

"வாய் பாரு!"

அப்பா சாவிக்குக் கையை நீட்டினார். விழுப்புரத்துக்கு பஸ் இருக்கிறது, போய்விடலாம். ஆனால் அவர் ஒருமுறை வாங்கி வைத்தது எதுவும் எங்கள் வீட்டில் திரும்பி வந்ததில்லை. கொடுக்க எனக்கு மனமில்லை.

"சாயங்காலம் கேளுங்கப்பா. இப்ப எனக்கு வெந்நி வேணும்."

அதற்குள் சித்தப்பா வந்துவிட்டார். பூசைக்காகக் கடப்பாரை, தராசு, மண்வெட்டி எல்லாவற்றையும் செங்கல் பொடி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவர், அதே தேங்காய் நாரோடு பானெட்டில் இறங்கினார்.

"தள்ளும்மா. இதுக்கு இன்னா பேஜாரு? ஜல்தியா முடிச்சுடறேன்."

நாலு இழுப்புதான். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். பிசின் அப்படியே இருந்தது. அதைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குப் பளபளப்பு போயிருந்தது.

"குத்துவிளக்கா சித்தப்பா இது?"

"அப்ப மண்ணெண்ண ஊத்து."

இரண்டு டம்ளர் கொண்டு வந்தேன். ஒன்றில் மண்ணெண்ணெய், மற்றொன்றில் வெந்நீர். மரத்திலிருந்து கிள்ளிய பிசினை இரண்டிலும் போட்டேன். மண்ணெண்ணெயில் அது கல் மாதிரி கிடந்தது. வெந்நீரில் ஊறி, உப்பி, கொழகொழவென்று ஆனது. பலாப்பாலுக்கு எண்ணெய் வேண்டும். வேப்பம் பிசினுக்குத் தண்ணீரே போதும். சித்தப்பா டம்ளரைத் தூக்கிப் பார்த்துவிட்டு நாரை எடுத்துக்கொண்டு போனார்.

வண்டியை நிழலிலேயே, பிசின் சொட்டாத பக்கமாகத் தள்ளி நிறுத்தினேன். முதலில் தண்ணீர் ஊற்றி மணலையும் தூசியையும் கழுவினேன். பிசினைவிடக் கீறுவது அதுதான். பிறகு பழைய மல் வேட்டித் துணியைக் கை பொறுக்கும் சூட்டு நீரில் நனைத்துக் கட்டிகளின் மேல் போட்டேன். ஆற ஆற மாற்றினேன். தேய்க்கவில்லை, சுரண்டவில்லை.

அத்தை அந்தப் பக்கமாகப் போனாள். "இன்னாடி, வண்டிக்கு ஜொரமா? ஈரத்துணி போட்டுக்கினு கீற."

"ஆமா அத்தை. கொஞ்ச நேரத்துல எறங்கிடும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிசின் இளகியதும் துணியாலேயே மேல்நோக்கி ஒற்றி எடுத்தேன். அடம்பிடித்தவற்றுக்கு மறுபடி ஈரத்துணி. கடைசியில் நல்ல தண்ணீர் விட்டு, உலர்ந்த துணியால் துடைத்தேன். சாயங்காலம் அப்பா பானெட்டில் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தார். சித்தப்பா தேய்த்த இடத்தில் கை நின்றது.

"இது?"

"அது போவாதுப்பா. பெயின்ட்டே போயிருக்கு."

"வண்டிக்குப் பொட்டு வைக்கச் சொல்லு, பூசைக்கு நேரமாவுது" என்றார். கையை நீட்டவில்லை.

அத்தை இன்னும் நான் ஓட்டும் வண்டியில் ஏறவில்லை. தேய்த்த இடம் மங்கலாகத்தான் இருக்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது.