பெட்டிக்குள் போன தண்ணீர்

என் வீட்டுக்காரருக்கு வேலை செய்யும் இடத்தில் 'இன்னொரு சுத்து' என்று பட்டப்பெயர். ஆற்றங்கரைக் கம்பங்களில் வெள்ள எச்சரிக்கைப் பெட்டிகளை மாட்டுவது அவர் வேலை. துருப்பிடிக்காத பட்டையைக் கம்பத்தைச் சுற்றிக் கட்டி, கிளாம்ப் போட்டு, நட்டை முடுக்குவார். எல்லோரும் ஏணியை மடக்கிய பிறகு, "இரு, இன்னொரு சுத்து" என்று மறுபடி ஏறுவார். வீட்டிலும் அதே கதைதான். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். இப்படி ஒரு மனுஷனோடு பதினோரு வருடம் குடும்பம் நடத்தினதற்கே எனக்கு யாராவது மாலை போடலாம்.

அதே கம்பெனியில் அந்தப் பெட்டிகளைச் செய்யும் பட்டறையில்தான் எனக்கும் வேலை. மூடியின் ஓரத்தில் மழைத்தண்ணீர் புகாதபடி ரப்பர் ஒட்டுவேன். யார் ஒட்டியது என்று தெரிய மூடியின் உள்பக்கம் ஒரு எண் குத்துவோம். என் எண் பதினேழு.

போன புதன்கிழமை கொட்டிய மழையில் ஆற்று வளைவுப் பெட்டியின் சைரன் அலறவில்லை. கரையோர வீடுகளில் முழங்கால் அளவு தண்ணீர். நல்லவேளை, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டியை இவர்தான் போய் இறக்கிக்கொண்டு வந்தார். பட்டறையில் திறந்தால் உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர், பச்சை பூத்த சர்க்யூட் போர்டு, மூடியில் பதினேழு. "ரப்பர் சரியா ஒட்டல" என்று மேற்பார்வையாளர் எழுதி, பழியை என் தலையில் கட்டிவிட்டார். திங்கட்கிழமை விசாரணை. அதோடு என் வேலை போகும் என்று பட்டறை முழுக்கப் பேச்சு.

எனக்குச் சோறு இறங்கவில்லை. இவரோ குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தார். விடிவதற்கு முன்னால் எழுந்து எங்கேயோ போய், வேலை நேரத்துக்குத்தான் திரும்பினார். கேட்டால், "ஒண்ணுமில்ல, சும்மா" என்று மென்று முழுங்கினார்.

"ஏங்க, நான் ஒட்டின ரப்பர்ல தண்ணி போகும்னு நீங்களும் நினைக்கிறீங்களா?"

"சேச்சே. எல்லாம் சரியாயிடும், விடு."

"எப்படிச் சரியாகும்? தானா சரியாகுமா?"

அவர் வாசல் பூட்டை இழுத்துப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு வந்ததே கோபம்! ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருடைய சாவிக்கொத்தையும் ஏணியையும் நானே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பாலத்தடியில் இருந்த கம்பத்தில் ஒரு பெட்டியைத் திறந்து, ஓரம் காய்ந்திருப்பதைப் படம் எடுத்து விசாரணையில் காட்டுவதுதான் என் எண்ணம். பின்னாலேயே ஓடி வந்தார்.

"வேணாம், இறங்கு. வழுக்கிடப் போகுது."

"வழுக்கினா வழுக்கட்டும். நாளைக்கு எப்படியும் நான் விழத்தானே போறேன்?"

நாலு படி ஏறினதும் பெட்டியின் அடிப்பக்கம் கண்ணில் பட்டது. அங்கே ஒரு சின்ன ஓட்டை இருக்கவேண்டும். வெயிலில் காய்ந்த பெட்டி மழையில் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்த ஓட்டை வழியாக மூச்சு விட்டால் பிழைத்தது. அது அடைபட்டால், கிடைக்கிற இடுக்கிலெல்லாம் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினது வெளியே வரவும் வழி கிடையாது. பட்டறையில் எங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. இங்கே அந்த ஓட்டையின் மேல் சிலிகான் பசை அப்பியிருந்தது, கட்டைவிரலால் வழித்த அடையாளத்தோடு.

"இது என்ன?"

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் தரையைப் பார்த்தார்.

"தண்ணி போயிடுமோன்னு பயமா இருந்துச்சு."

"எத்தனை பெட்டியில?"

"அறுபத்திரண்டு. எல்லாத்துலயும். காலைல போய்க் குத்தித் திறந்துட்டு வரேன். முப்பது முடிச்சிட்டேன்."

"ஆத்து வளைவுப் பெட்டியில இது இல்லையே?"

"இறக்குறப்பவே சுரண்டிட்டேன். கையும் ஓடல, காலும் ஓடல. அவங்க உன் ரப்பரைப் பிடிப்பாங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

"பிடிச்ச பிறகு? நாலு நாளா நான் அழுதுட்டுக் கிடக்கேன், பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

"இன்னும் முப்பத்திரண்டு இருக்கே. எல்லாத்தையும் திறந்துட்டுச் சொல்லலாம்னு..."

ஏணியிலிருந்தே அவர் மேல் குதித்துவிடலாம் போல இருந்தது. இறங்கி நேருக்கு நேர் நின்றேன். "அறுபத்திரண்டுல என் எண் போட்டது பத்துகூட இருக்காது. முதல்ல என்னோடதே ஏன் கெடணும்? அதைச் சொல்லுங்க."

சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"மத்த பெட்டிக்கு ஒரு தடவை பூசினேன். அதுல கொஞ்சமாவது விரிசல் விட்டுக் காத்து போகுது. உன் எண் இருக்கிறதுக்கு மட்டும் ரெண்டு தடவை. தண்ணி போனா உன் பேருதானே கெடும்..."

அடப்பாவி மனுஷா! அடிப்பதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் அழுதேன். பாலத்தின் மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அதைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது.

"மழை வருது. உங்க முப்பத்திரண்டும் அப்படியே இருக்கு. கூப்பிடுங்க."

"நாளைக்கு விசாரணையில சொல்லிடறேனே?"

"இப்ப."

கைப்பேசியை அவர் காதில் நானே வைத்தேன். மேற்பார்வையாளர் எடுத்தார்.

"சார், பதினேழு மேல தப்பில்ல," என்றார் என் வீட்டுக்காரர். "மூச்சு ஓட்டையை நான்தான் அடைச்சேன். இன்னும் முப்பத்திரண்டு அடைச்சிருக்கு. ஆள் அனுப்புங்க சார், நான் பாலத்தடியிலேருந்து ஆரம்பிக்கிறேன்."