பாத்ரூம் சீலிங்கும் மேல் வீட்டு அக்காவும்

எங்க பாத்ரூம் சீலிங்ல ரெண்டு மாசமா கறுப்புப் பூஞ்சை. மேல் வீட்டு பைப்தான் லீக்குன்னு நானே முடிவு பண்ணி, அந்த அக்காவோட சண்டை போட்டு, லிஃப்ட்ல பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

இன்னைக்கு பிளம்பர் வந்தார். சீலிங்கைத் தட்டிப் பார்த்தார்.

"லீக்கெல்லாம் இல்லம்மா. சுடுதண்ணி ஆவி வெளிய போக வழியே இல்ல. வெண்டிலேட்டர்ல தெர்மாகோல் வெச்சு அடைச்சது யாரு?"

நான்தான். பெங்களூரு குளிருக்குப் பயந்து டிசம்பர்ல அடைச்சேன்.

"மேல் வீட்டு அக்கா நான் கிளம்பும்போதே என்கிட்ட சொன்னாங்க, முதல்ல அந்த வெண்டிலேட்டர் ஜன்னலைப் பாருங்கன்னு. என்னை அனுப்பினதே அவங்கதான்"னு சிரிச்சார்.

தெர்மாகோலைப் பிடுங்கியாச்சு. பூஞ்சையை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சுடலாம்.

அக்கா முன்னாடி எப்படிப் போய் நிக்கறது? மைசூர் பாக்கு கால் கிலோ போதுமா, இல்ல ரெண்டு மாசத்துக்கும் சேர்த்து அரைக் கிலோவா?