சாவில் நிறுத்தாத வாசிப்பு

மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும் மாதங்களில்தான் நாங்கள் மொகலாயரை வாசித்தோம். லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் எங்கள் சமையலறை சின்னது. அம்மா அங்கே நின்று இடியப்பம் பிழிவார். அப்பர் டூட்டிங் ரோட்டில் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அவித்துக் கொடுப்பது அவருடைய வேலை. நான் பள்ளிக்கூட உடுப்போடு மேசையில் உட்கார்ந்து நூலகப் புத்தகத்தை விரிப்பேன். ஆவி யன்னலில் படியும். தெருவிளக்குகள் அதில் கரையும். வெளியே பஸ்கள் சிவப்பு மேகங்களாக மிதந்து போகும். காபூலும் ஆக்ராவும் அந்த ஆவிக்குள் வந்து நிற்க அதிக நேரம் எடுப்பதில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்த எனக்குத் தெரியாது. அப்பா சிறுவயதிலேயே கடலுக்குப் போனவர். அம்மா மூத்த பிள்ளை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நின்றவர். ஊரைவிட்டுப் போய் ஜெர்மனியில் நன்றாகத்தான் இருந்தார்கள். பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு லண்டனுக்கு வந்தார்கள். அப்படி வந்த பிள்ளை சரித்திரம் படிக்கப்போகிறேன் என்று சொன்னதும் அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது.

“செத்த ராசாக்களைப் படிச்சு ஆருக்கு மருந்து குடுக்கப்போறாய்?” என்று கேட்டார்.

அவருக்கு நான் பார்மசி படிக்க வேண்டும். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். நான் விரும்பிய கல்லூரி என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தது. அங்கே என்னை எடுத்தால் சரித்திரம், எடுக்காவிட்டால் பார்மசி. அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே எழக் கூடாது.

அதனால்தான் ஒவ்வொரு மாலையும் அந்த வாசிப்பு. ஊர்க் கோயிலில் புராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டை வாசிப்பார், இன்னொருவர் அதன் பொருளைச் சொல்லுவார். பயன் சொல்வது என்பார்கள். அம்மா அதைக் கேட்டே வளர்ந்தவர். எங்கள் சமையலறையில் இரண்டு வேலையும் எனக்குத்தான். ஒரு வரியை ஆங்கிலத்தில் வாசிப்பேன், நிறுத்துவேன்.

“பயன் சொல்லு,” என்பார் அம்மா, இடியப்ப உரலை அழுத்திக்கொண்டே.

அந்த அரசர்களின் பெயர்கள் அம்மாவின் வாயில் நிற்கவில்லை. அதனால் நாங்களே பெயர் வைத்தோம். வடக்கே மலைகளுக்கு அப்பாலிருந்து வந்து, வெயிலைத் திட்டிக்கொண்டு போன இடமெல்லாம் தோட்டம் போட்ட முதலாமவர் தோட்டக்காரர். காபூலிலிருந்து வந்த முலாம்பழத்தை வெட்டும்போது அவர் அழுதுவிட்டார் என்று வாசித்த அன்று, அம்மா உரலைக் கீழே வைத்துவிட்டார்.

“பழத்துக்கோ அழுதவர்?”

“ஓம். அந்தப் பழம் இந்தியாவில கிடைக்கிறேல்லை.”

“டூட்டிங்கிலயெண்டா வாங்கியிருக்கலாம்,” என்றார் அம்மா. பிறகு உரலை எடுத்து மறுபடி பிழியத் தொடங்கினார்.

தோட்டக்காரரின் மகன் நூலகப் படியிலிருந்து இறங்கும்போது தடுக்கி விழுந்து இறந்தவர். படியால விழுந்தவர் என்றே அவருக்குப் பெயர். அந்தப் பக்கத்தோடு நான் புத்தகத்தை மூடப் பார்த்தேன்.

“மூடாத பிள்ளை. செத்த இடத்தில வாசிப்பை நிப்பாட்டப்படாது. நல்ல இடம் வரட்டும்.”

புராணம் படிப்பதற்கு அம்மா அறிந்த சட்டம் அது. ஒரு மரணத்தில் ஏட்டைக் கட்டிவிட்டு எழுந்து வீட்டுக்குப் போகக் கூடாது. ஒரு பிறப்போ கல்யாணமோ வரும்வரை படித்துவிட்டுத்தான் எழ வேண்டும். மொகலாயரோடு இந்தச் சட்டத்தைக் காப்பாற்றுவது லேசான வேலை இல்லை. தாஜ்மஹால் கட்டியவரின் பிள்ளைகள் அடித்துக்கொண்ட அன்று இடியப்பம் முழுக்க அவிந்து முடிந்தது. அப்பா வேனில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பியும் வந்தார். நல்ல இடம் வரவே இல்லை.

“இன்னும் ஆரும் சாகேல்லையோ?” என்று அப்பா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

“எல்லாரும் சாகினம்,” என்றார் அம்மா. “அதுதான் பிரச்சினை.”

அப்படியான நாட்களில் பின்னுக்குத் திரும்பி, நாலாவது அரசர் வளர்த்த நாரைகளிடம் போவோம். அவர் ஒரு சோடி நாரையை வளர்த்து, அவை முட்டையிட்டு மாறி மாறி அடைகாத்ததைப் பக்கத்திலிருந்தே பார்த்தவர். முட்டை பொரித்துக் குஞ்சு வெளியே வந்ததும் அம்மா மாப்படிந்த பெருவிரலைப் பக்கத்து ஓரத்தில் ஒற்றுவார். இன்றைக்கு இவ்வளவு என்பதற்கு அது அடையாளம். சிவப்பரிசி மாவில் அந்தப் புத்தகம் மெல்ல மெல்ல மருதாணி போட்டதுபோல் ஆகிவிட்டது.

மூன்றாவது அரசர் எழுத வாசிக்கத் தெரியாதவர் என்பதை நான் தயங்கித்தான் வாசித்தேன். நாள்தோறும் பிறர் வாசிக்கக் கேட்டவர். வாசிப்பு நின்ற இடத்தில் தன் கையாலேயே ஒரு குறி போடுவாராம். நான் பயன் சொல்லி முடித்ததும் அம்மா தன் பெருவிரலைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“அந்தாளுக்கு ஆர் இடியப்பம் பிழிஞ்சது?” என்று கேட்டார். இருவரும் சிரித்தோம்.

நேர்முகத்துக்கு முதல் நாள் அம்மா விம்பிள்டன் கோயிலுக்குப் போய் அருச்சனை செய்துவிட்டு வந்தார். மறுநாள் நான் நார்தர்ன் லைன் சுரங்க ரயிலில் ஏறி, நெற்றியில் திருநீறு கலைந்திருக்கிறதா என்று இருண்ட கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனேன்.

கல்லூரியில் ஒரு பெண்ணும் வயதான ஒருவரும் கேள்வி கேட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு யன்னல், அதில் ஆறு. முதல் கேள்விகளுக்கு நன்றாகவே பதில் சொன்னேன். பிறகு அந்த வயதானவர் கேட்டார்:

“இந்த வம்சம் எங்கே முடிகிறது என்று சொல்வீர்கள்?”

பாடமாக்கிய பதில்கள் என்னிடம் இருந்தன. ரங்கூனில், நாடு கடத்தப்பட்டு இறந்த கடைசி அரசரான கிழவரைச் சொல்லலாம். அவருக்கு முன்னால் அதிகாரம் உதிர்ந்த இடத்தைச் சொல்லலாம். ஆனால் ரங்கூன் பக்கத்தை நினைத்தபோது, அதில் மா அடையாளம் இல்லாததுதான் என் கண்ணில் வந்தது. அந்தப் பக்கத்தில் நாங்கள் ஒருநாளும் நிறுத்தியதில்லை. அதை வாசித்த கையோடு தோட்டக்காரரிடம் திரும்பிவிட்டோம்.

“எங்கள் வீட்டில் அது இன்னும் முடியவில்லை,” என்று சொல்லிவிட்டேன்.

இருவரும் நிமிர்ந்தார்கள். இனிப் பின்வாங்க முடியாது. அம்மாவின் சட்டத்தைச் சொன்னேன். கோயில், பயன் சொல்வது, நாரை முட்டை, பெருவிரல் எல்லாவற்றையும் சொன்னேன். “ரங்கூனில் அவர் இறந்தது உண்மை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் புத்தகங்கள் கதையை ஒரு சாவில் நிறுத்துகின்றன, அம்மா ஒரு குஞ்சில் நிறுத்துகிறார். ஏன் இந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்று நான் இரண்டு பேரிடமும் கேட்பேன்.”

அந்தப் பெண் எதையோ எழுதினார். வயதானவர் யன்னல் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்தார். நன்றி என்றார்கள். திரும்பி வரும்போது ஸ்டொக்வெல் ஸ்டேஷன் தாண்டியது எனக்குத் தெரியாது.

“என்ன கேட்டவை?” என்றார் அம்மா. சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“என்ர மா விரலையோ போய்ச் சொன்னனி? படிச்ச சனத்துக்கு முன்னால?”

“ஓம்.”

“வெக்கமாக் கிடக்கு.”

“எனக்கு இல்லை,” என்றேன்.

அப்பா டீயை ஆற்றிக்கொண்டு, “பார்மசிக்கு வெள்ளைக் கோட்டு என்ன சைஸ் எடுக்கிறது?” என்று கேட்டார்.

கடிதம் தை பிறந்த பிறகு வந்தது. அம்மா பிழிந்துகொண்டிருந்தார், அப்பா வாசலில் தட்டுகளோடு நின்றார். யன்னல் முழுக்க ஆவி. வழக்கம்போல் முதல் வரியை ஆங்கிலத்தில் வாசித்தேன். அங்கேயே நிறுத்தினேன்.

“பயன் சொல்லு பிள்ளை.”

“என்னை எடுத்திட்டினம் அம்மா.”

அப்பா தட்டுகளை மேசையில் வைத்தார். கடிதத்தில் கீழே இன்னும் ஒரு பந்தி எழுத்து இருந்தது. என்னென்ன பாடத்தில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்ற நிபந்தனைகள். நான் அதற்குப் போகுமுன்னே அம்மா எட்டி, முதல் வரிக்குக் கீழே பெருவிரலை அழுத்தி ஒற்றினார்.

“இண்டைக்கு இவ்வளவு காணும்,” என்றார். “மிச்சத்தை நாளைக்கு வாசிப்பம்.”