ஸுலைஹாவின் ஒரு லீற்றர்

கற்பிட்டி ஆட்டோத் தரிப்பிடத்துக்கு ஸுலைஹா வருவது முதலில் மூக்குக்குத்தான் தெரியும். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. புகை முன்னே வர, அவர் பின்னே வருவார். கணவர் நோயில் படுத்த வருஷம் அவருடைய வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டவர். கணவர் எழும்பி மீன் வியாபாரத்துக்குப் போய் ஒன்பது வருஷமாகியும் வண்டிச் சாவியை, அந்தத் திறப்பை, திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்தத் திறப்புக்குத்தான் ஆபத்து வந்தது. தரிப்பிடச் சங்கச் செயலாளர் அம்ஜத் புது வண்டி எடுத்திருந்தான். நாட்டில் பெற்றோல் பாவனையைக் குறைக்க அதன் வரியைக் கூட்டுவதா, குறைவாகக் குடிக்கும் வண்டிகளை மட்டும் அனுமதிக்கும் சட்டம் போடுவதா என்று தொலைக்காட்சியில் இரண்டு பேர் மோதியதைப் பார்த்துவிட்டு, சட்டத்தைத் தரிப்பிடத்திலேயே தொடங்கலாம் என்றான். லீற்றருக்கு இருபத்தைந்து கிலோமீற்றர் ஓடாத வண்டிக்கு வரிசையில் இடமில்லை. வரிசையில் இடமில்லாவிட்டால் ஸுலைஹாவுக்கு ஓட்டமும் இல்லை.

ஸுலைஹா வரியின் பக்கம் நின்றார். கூடக் குடிக்கிற வண்டிக்காரன் பெற்றோல் செட்டிலேயே கூடக் கொடுக்கிறான், பிறகு எதற்கு இன்னொரு தண்டனை என்பது அவருடைய கேள்வி. வரி கூடினால் மீன் லொறிக்கும் கூடும், கடைசியில் கறிச்சட்டிக்கும் கூடும் என்றான் அம்ஜத். அதிலும் நியாயம் இருந்தது. மூன்று நாளாக இதே கதை. ஓட்ட வரிசை எழுதும் கொப்பியை வைத்திருந்த மகாலிங்கத்துக்கு அலுத்துவிட்டது.

“ஆளுக்கு ஒரு லீற்றர் ஊத்துவம். பாலாவி றோட்டில ஓடிப் பாருங்கோ,” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு வண்டிகளின் பெற்றோல் தாங்கிகளையும் வடித்துவிட்டு, சோடாப் போத்தலால் அளந்து ஊற்றினார்கள். தெற்கே போகிற றோட்டு. சோளகக் காற்று முகத்தில் அடித்தது. ஸுலைஹா காற்றுப் பிடிக்காதபடி வண்டியின் பக்கச் சீலைகளைச் சுருட்டிக் கட்டி, முன்னால் குனிந்து, அரை வேகத்தில் ஓட்டினார். இப்படியே போனால் இருபத்தைந்தைத் தொட்டுவிடலாம் போலிருந்தது.

ஏத்தாளைச் சந்தியில் தங்கரத்தினமும் இன்னும் இரண்டு பெண்களும் நின்றார்கள். வெங்காயத் தோட்டத்துக்குப் போகிறவர்கள், அன்றாடம் அவருடைய வண்டியில் பங்கு போட்டு ஏறுகிறவர்கள். தங்கரத்தினம் கையைக் காட்டினார். ஸுலைஹாவின் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. மூவரும் ஏறி, மண்வெட்டிகளும் ஏறி, வண்டி உறுமிக்கொண்டு புறப்பட்ட பிறகுதான் இது போட்டி என்பது நினைவுக்கு வந்தது.

இறக்கிவிடலாம். ஆனால் தங்கரத்தினம் தன் மகளுக்குப் பார்க்கும் மாப்பிள்ளைக் கதையைத் தொடங்கியிருந்தார். அதை நடுவில் வெட்ட ஸுலைஹாவுக்கும் மனமில்லை.

பதினெட்டாவது கிலோமீற்றரில் வண்டி இருமி நின்றது. தோட்டம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அம்ஜத்தின் வண்டி நுரைச்சோலையைத் தாண்டி, முப்பத்தொன்றில் நின்றதாம். பெற்றோல் போத்தலோடு அவனைத் தேடி இன்னொரு ஆட்டோ போக வேண்டியிருந்தது.

பின்னேரம் தரிப்பிடத்தில் எல்லாரும் கூடினார்கள். தோற்றதை ஸுலைஹா மறைக்கவில்லை. கொப்பியிலிருந்து பெயரை வெட்டச் சொன்னார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. வேலை முடிந்து வந்திருந்த தங்கரத்தினம் மகாலிங்கத்தின் பேனையைப் பிடித்துக்கொண்டார்.

“பொறுங்கோ. தம்பி, நீ எங்களத் தாண்டித்தானே போனாய்? கை காட்டினன்.”

“பாரம் ஏத்தினா தூரம் குறையும் அக்கா,” என்றான் அம்ஜத்.

“ஓம், உன்ர லீற்றர் உன்னை மட்டும்தான் கொண்டு போச்சு. இவவின்ர லீற்றர் நாலு பேரைக் கொண்டு போச்சு. ஆர் கூடக் குடிச்சது?”

யாரோ சிரித்தார்கள். அம்ஜத் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தான், இன்னொரு தரமும் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்தான்.

“பெயர் இருக்கட்டும்,” என்றான். “ஆனா ராத்தா, அந்தப் புகை...”

“புகைக்கு நான் வக்காலத்து வாங்கல தம்பி,” என்றார் ஸுலைஹா. “வரியக் கூட்டினா நான் ஆள் சேர்த்து ஓடுவன். நீ சொல்ற சட்டத்தப் போட்டா நான் ஊட்டுலதான் குந்தணும். அதான் சண்ட புடிச்சன்.”

சனிக்கிழமை அம்ஜத்தே ஸுலைஹாவின் வண்டிக் காபரேற்றரைக் கழற்றிக் கழுவிக் கொடுத்தான். இப்போது லீற்றருக்கு இருபத்தொன்று ஓடுகிறது. புகை குறைந்துவிட்டதால் ஸுலைஹா வருவது தெரிவதில்லை. ஹோர்ன் அடித்துக்கொண்டு வருகிறார். ஏத்தாளையில் அம்ஜத்தும் நிறுத்துகிறான். ஆனால் தங்கரத்தினம் இன்னும் அவனுடைய வண்டியில் ஏறவில்லை. ஸுலைஹாவுக்குச் சொல்லத் தொடங்கிய மாப்பிள்ளைக் கதை பாதியில் நிற்கிறதாம்.