கல்வாழைப் பாத்தியில் கொட்டிய பவுடர்

எங்கள் தெருவில் யாராவது சுத்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சுத்தத்தின் மேல் எனக்கொன்றும் பகையில்லை. அதன் பெயரைச் சொல்லி இவர்கள் செய்த காரியம் அப்படி.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீடு தெருவின் கடைசியில், பள்ளத்தில் இருக்கிறது. மேட்டு வீடுகளில் குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாம் ஒரே சாக்கடையாக வந்து எங்கள் பின்சுவரை ஒட்டித் தேங்கும். அங்கிருந்து மண்ணில் ஊறி என் கணவரின் தறிக்குழிக்குள் கசியும். குழித்தறியில் கால் இரண்டையும் குழிக்குள் இறக்கித்தான் மிதிக்க வேண்டும். அவருக்குச் சர்க்கரை வேறு. வலது கட்டைவிரலில் வந்த புண் ஆறவே மாட்டேன் என்றது. "கால் ஈரத்துலயே இருந்தா விரலை எடுக்க வேண்டியதுதான்" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். தறியை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பும் கிடையாது.

ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிற என் தம்பிதான் வழி சொன்னான். பின்பக்கம் நீளமாக ஒரு பாத்தி வெட்டி, அடியில் தார்ப்பாய் விரித்து, ஜல்லி நிரப்பி, கல்வாழையும் கோரையும் நட வேண்டும். சாக்கடைத் தண்ணீர் ஜல்லிக்குள்ளேயே மெதுவாகப் போகும். வேரிலும் கல்லிலும் ஒட்டியிருக்கிற கிருமிகள் அழுக்கைத் தின்றுவிடும். மறுமுனையில் வருகிற தண்ணீரை வாழைக்கு விடலாம். மழையே இல்லாத பாலைவன ஊர்களில் இப்படித்தான் குளித்த தண்ணீரில் மரம் வளர்க்கிறார்களாம். கரண்டும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம்.

தெருவே கூடி வெட்டியது, இல்லையென்று சொல்ல மாட்டேன். வேலை முடிந்ததும் தம்பி எல்லோரையும் நிற்கவைத்து ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டான். "பிளீச்சிங் பவுடர், ஃபினாயில் மட்டும் இதுல ஊத்தாதீங்கப்பா. உள்ள இருக்கற கிருமி செத்துட்டா எல்லாம் போச்சி." எல்லாத் தலையும் ஆடியது. திருவிழாக் கமிட்டித் தலைவரின் தலைதான் முதலில் ஆடியது.

பாத்தி பிடித்துக்கொண்டது. நாற்றம் போனது, கொசு குறைந்தது, கல்வாழை சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்தது. தறிக்குழி காய்ந்தது. புண்ணின் ஓரம் கூடி வந்தது. ஒருநாள் அவர் காலை மடியில் வைத்து மருந்து போட்டபோது புண்ணில் ஈரமே இல்லை. அழுதுவிட்டேன், அதை ஏன் மறைக்க வேண்டும்?

அப்புறம் வைகாசி வந்தது. பெருமாள் புறப்பாடு வருகிற தெருவைக் கழுவி, கோலம் போட்டு, ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவினால்தான் எங்கள் ஊரில் திருப்தி. தூவட்டும், நான் வேண்டாம் என்றேனா? தலைவருக்கு ஓரம் போதவில்லை. நான் பட்டு நூல் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, மூட்டையோடு பாத்திக்குள்ளேயே கொட்டிக் கிளறிவிட்டிருந்தார். வந்து பார்த்தால் ஜல்லி வெளுத்துக் கிடந்தது. கண் எரிந்தது.

"யாரக் கேட்டு கொட்டுனீங்கண்ணா?"

"சாமி வர்ற தெருமா இது. கிருமிய வளத்துக்கினு சாமிய எப்படி வரவேற்கறது?"

"அந்தக் கிருமிதான் உங்க வீட்டு அழுக்கத் தின்னுக்கினு இருந்துது!"

"கோவப்படாத. திருவிழா முடியட்டும், வேற செடி வாங்கி வெச்சிக்கலாம்."

செடியாம்! அவருக்கு அது வெறும் செடி.

வாரம் திரும்புவதற்குள் கல்வாழை கருகியது. பவுடரின் சுண்ணாம்பு ஜல்லி இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டு இறுகியது. உள்ளே இறங்க முடியாத தண்ணீர் பின்வாங்கிப் பழையபடி எங்கள் சுவரோரம் நின்றது. குழியில் கசிந்தது. புண் மறுபடி வாய் திறந்தது. ஜல்லியை வாரிக் கழுவிப் போட ஆள் கூப்பிட்டேன். "சாமி வந்துட்டுப் போகட்டும்மா, இப்பப் போயி சாக்கடையக் கிளறி நாத்தத்தக் கெளப்பாத" என்று தெருக்காரர்கள் தடுத்துவிட்டார்கள். தெருவில் நின்று கத்தினேன். நல்ல நாளும் அதுவுமாக வாயை விடுகிறேன் என்று எனக்கே புத்தி சொன்னார்கள். வாய்க்கு வந்தபடி திட்டினேன். இன்றைக்குக் கேட்டாலும் அதில் ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்க மாட்டேன்.

புறப்பாட்டு அன்று காலை தலைவர் புது வேட்டியும் திருமண்ணுமாக வந்தார். வாசலில் கோலம் பெரிதாக இருக்க வேண்டுமாம். "உள்ள வாங்கண்ணா" என்று நேரே தறியிடம் கூட்டிப்போனேன். குழியில் கருப்பாகத் தண்ணீர் நின்றது.

"இறங்குங்க. ஒரே ஒரு மிதி மிதிச்சிட்டுப் போங்க."

அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். "குளிச்சிட்டு வந்துருக்கேன்மா. சாமி காரியத்துக்குப் போறவன, இதுல போயி கால வெக்கச் சொல்றியே."

"அப்போ இவரு?"

பின்னால் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். தறியில் யார் வீட்டுப் பெண்ணுக்கோ முகூர்த்தப் புடவை பாதியில் நின்றது. திருவிழா என்று பார்த்தால் கல்யாணத்துக்கு அது போய்ச் சேராது. "விடு, சத்தம் போடாத" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கட்டுப் போட்ட காலில் ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுற்றி ரப்பர்பேண்ட் மாட்டினார். எங்கள் இருவருக்கும் நடுவே நுழைந்து உட்கார்ந்து, காலைத் தண்ணீருக்குள் இறக்கினார்.

தெறித்துவிடப் போகிறதென்று தலைவர் வேட்டியை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார்.