மீசைச் சாயமும் தரங்கம்பாடியும்

அப்பா மீசைக்குச் சாயம் பூசிக்கொண்ட அன்றைக்கே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. அறுபது வயது வரை நரைத்த மீசையோடு நிம்மதியாக இருந்த மனிதர் அவர். திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறைக் கண்ணாடி முன் நின்று, பழைய டூத் பிரஷ்ஷால் மீசையைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தார். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "சும்மாதாம்மா" என்றார். எங்கள் வீட்டில் சும்மா எதுவும் நடப்பதில்லை.

மறுநாள் மாலை சட்டைப் பையிலிருந்து இரண்டு டூர் சீட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். மூன்று நாள் கடற்கரைச் சுற்றுலா. மாமல்லபுரம், பாண்டிச்சேரி, பிச்சாவரம், தரங்கம்பாடி. அம்மா இருந்த காலத்திலேயே எங்களை நந்தி மலைக்கு அப்பால் எங்கேயும் கூட்டிப்போகாதவர்.

"தரங்கம்பாடியில என்னப்பா இருக்கு?"

"டேனிஷ்காரன் கட்டின கோட்டை இருக்கு. கடலை ஒட்டியே. ரொம்ப நல்லா இருக்குமாம்."

"யார் சொன்னாங்க?"

"ஸ்கூல்ல யாரோ பேசிக்கிட்டு இருந்தாங்க."

பொதுப்பணித் துறையிலிருந்து ஓய்வு பெற்றதும், ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டட வேலையை மேற்பார்வை பார்க்கப் போய்க்கொண்டிருந்தார் அப்பா. அங்கே செங்கல், ஜல்லியைத் தவிர வேறெதைப் பற்றியும் யாரும் பேசுவார்கள் என்று எனக்குத் தோன்றியதில்லை. போகட்டும் என்று விட்டேன். ஆனால் அடுத்து ஒன்று சொன்னார் பாருங்கள்.

"அந்த மாம்பழக் கலர் புடவை இருக்கில்ல, அதை எடுத்துக்கோ. அது உனக்கு நல்லா இருக்கு."

போதாதா? பெண் பார்க்கும் படலம்தான். பஸ்ஸில் வைத்துப் பார்க்கப்போகிறார்கள்.

நான் ஒன்றும் சந்தேகப் பிராணியாகப் பிறந்தவள் இல்லை. என்னை அப்படி ஆக்கியவர்கள் இருந்தார்கள். முதல் இரண்டு பேர் நேர்மையாக மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டுக்கே வந்து, கேசரி சாப்பிட்டு, கடிதம் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போடாமல் இருந்தார்கள். மூன்றாவது கூட்டம்தான் மோசம். லால்பாக் மலர்க் கண்காட்சிக்கு அப்பாவோடு போயிருந்தேன். கண்ணாடி மாளிகையில் ஒரு குடும்பம் எதிரே வந்தது. அப்பாவுக்குத் தெரிந்தவர்களாம். ஐந்து நிமிஷம் நின்று ரோஜாவைப் பற்றிப் பேசினோம். ஒரு மாதம் கழித்து அத்தை வாய் தவறி உளறியபோதுதான் தெரிந்தது, அவர்கள் பார்க்க வந்தது ரோஜாவை இல்லை என்று. என் நடை சரியில்லையாம். ஆம்பளை மாதிரி வீசி நடக்கிறேனாம்.

அன்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார மாமி ஜன்னலைத் திறந்துவிட்டார். அப்பாவிடம் சத்தியம் வாங்கினேன்: இனிமேல் சொல்லாமல் கொள்ளாமல் என்னை யாருக்கும் காட்டக் கூடாது. அப்பா அம்மாவின் படத்தைப் பார்த்துக்கொண்டே சரி என்றார். அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். அவரையும் நம்ப முடியாது என்றால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? டூருக்குக் கிளம்பும்போது என் மனதில் இருந்தது அந்த ஒரே கேள்விதான். அப்பா சத்தியத்தை மீறுவாரா, மாட்டாரா? மாம்பழக் கலர் புடவையை வேண்டுமென்றே பீரோவில் விட்டுவிட்டு, துவைத்துத் துவைத்து வெளுத்த இரண்டு சுடிதார்களை எடுத்துக்கொண்டேன்.

மல்லேஸ்வரம் பதினெட்டாவது கிராஸில் பஸ் ஏறியதுமே வேட்டையைத் தொடங்கிவிட்டேன். எல்லாம் வயதான தம்பதிகள். தனியாக வந்திருந்த ஆண் ஒருவன்தான். எங்களுக்குப் பின் இருக்கை. முப்பது வயது, கழுத்தில் கேமரா, நன்றாகத் தேய்த்த கட்டம் போட்ட சட்டை. கிடைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

கண்டோன்மென்டில் ஒரு அம்மாள் ஏறினார். ஐம்பதைத் தாண்டிய வயது, காட்டன் புடவை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சின்னச் சிலுவை. அவர் ஏறியதும் அப்பா எழுந்து அவருடைய பையை வாங்கி மேலே வைத்தார். என் பையையே "நீயே வெச்சிக்கோ" என்கிற மனிதர். அந்த அம்மாள் கேமராக்காரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் இருவரும் ஆரஞ்சுப் பழம் பகிர்ந்து தின்றார்கள். கணக்கு சரியாக வந்தது. பையனுக்கு உறவாக இருக்க முடியாது, கழுத்தில் சிலுவை இருக்கிறது. ஆகவே அவன் வீட்டுக்கு வேண்டியவர், தூது வந்திருக்கிறார். பையைத் தூக்கி வைத்தது சம்பந்தி மரியாதை.

"டீச்சரா இருக்காங்களாம். ஹிஸ்டரி" என்று அப்பா என் காதில் சொன்னார்.

"அதுக்குள்ள எப்படித் தெரியும்?"

"பார்த்தா தெரியாதா?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமல்லபுரத்தில் அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தின் முன் எங்களை நிறுத்தி, வழிகாட்டி கன்னடத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றி விளக்கினார். எனக்கு அதில் பிடித்தது ஒரே ஒரு உருவம்தான். முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிற பூனை. காலடியில் எலிகள். ருத்திராட்சப் பூனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், கல்லில் அப்போதுதான் பார்த்தேன். அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் யானையைப் பார்ப்பது போல நின்றுகொண்டு டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆக, நடையைப் பார்க்கிறார்களா? பார்க்கட்டும் என்று கைகளை இன்னும் கொஞ்சம் வீசி நடந்தேன்.

அந்த வெண்ணெய் உருண்டைப் பாறையை எல்லோரும் தாங்கிப் பிடிப்பது போல நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அப்பாவும் போய்த் தோள் கொடுத்து, மூச்சு முட்டுவது போல நடித்தார். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா கோமாளித்தனம் செய்து அம்மா போன இந்த ஆறு வருஷமாக நான் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. ஒரு பெண்ணைத் தள்ளிவிட இவ்வளவு இறங்கிப்போக வேண்டுமா?

மறுநாள் காலை பிச்சாவரம். துடுப்புப் படகுகள். அப்பா கேமராக்காரனோடு ஒரு படகில் அவசரமாக ஏறிக்கொண்டு, என்னையும் டீச்சரையும் அடுத்த படகுக்கு விட்டார். திட்டம் அப்பட்டமாகத் தெரிந்தது. படகு சுரபுன்னைக் காட்டுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் வேர்கள் தண்ணீருக்குள் இறங்கி, தலைக்கு மேலே கிளைகள் பின்னிக்கொண்டு, வழி குறுகிக்கொண்டே போனது. எழுந்து போகவும் இடமில்லை.

டீச்சர் கொஞ்ச நேரம் கையைத் தண்ணீரில் அளைந்துகொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"வீட்ல நீயும் அப்பாவும் மட்டும்தானேம்மா?"

"ஆமா."

"ரெண்டு பேரா இருந்து பழகின வீடு. மூணாவதா ஒருத்தர் வந்தா கஷ்டமா இருக்குமில்ல?"

புரிந்துவிட்டது. பையனுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வர ஆசை. மல்லேஸ்வரத்தில் சொந்த வீடு, ஒரே பெண், மாமியார் இல்லை. கசக்குமா என்ன? முளையிலேயே கிள்ளிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

"யார் வந்தாலும் ஆறு மாசம் தாங்க மாட்டாங்க" என்றேன். "எங்கம்மா வெச்ச இடத்துல இருந்து ஒரு டம்ளரை நகர்த்தினாலும் எனக்குப் பொறுக்காது. அது எங்க அம்மா வீடு. மூணாவது ஆளுக்கு அங்க இடமே இல்லை. வந்தா நானே விரட்டிடுவேன்."

டீச்சர் தண்ணீரிலிருந்து கையை எடுத்தார். புடவைத் தலைப்பால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார்.

"நேரா சொல்லிட்டே. நல்லதும்மா" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம்.

தரங்கம்பாடிக்கு மாலையில் போய்ச் சேர்ந்தோம். மஞ்சள் கோட்டை, அதற்கு முன்னால் கடல், கரையில் அலை அரித்துப் பாதி தின்ற ஒரு பழைய கோயில். மற்றவர்கள் கோட்டைச் சுவர்மேல் ஏறினார்கள். டீச்சர் ஏறவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு முப்பது வருஷமாக இந்த ஊரைப் பாடமாக நடத்துவதாகவும், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்றும் காலையில்தான் பஸ்ஸில் சொல்லிக்கொண்டு வந்தார். இப்போது தெருக்கோடியில் இருந்த பழைய தேவாலயத்துக்குத் தனியாகப் போய் உட்கார்ந்துவிட்டார். அப்பா சுண்டல் பொட்டலத்தோடு அங்கே போனார். கொஞ்ச நேரத்தில் அதே பொட்டலத்தோடு திரும்பி வந்தார்.

கேமராக்காரன் எங்கள் எல்லோரையும் கோட்டை வாசலில் நிற்க வைத்துப் படம் எடுத்தான். டீச்சரும் கடைசியில் வந்து நின்றார். அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. நான் சட்டென்று நடுவில் புகுந்து நின்றுகொண்டேன். இன்னொரு சுற்றுப் பேச்சுவார்த்தைக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்? வியர்வையில் அப்பாவின் சாயம் உதட்டோரம் லேசாக வழிந்திருந்தது. நான் சொல்லவில்லை. வேண்டும் நன்றாக என்று இருந்தது.

திரும்பும் வழியில் சிதம்பரத்தில் பஸ் நின்றது. கேமராக்காரன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினான். கீழே ஒரு இளம் பெண் கைக்குழந்தையோடு காத்திருந்தாள். அவன் குழந்தையை வாங்கி முத்தம் கொடுத்துவிட்டு எங்களைப் பார்த்துக் கையசைத்தான். மாமியார் வீட்டிலிருந்து மனைவியை அழைத்துப்போக வந்தவனாம். அப்பா முந்தின நாளே அதையெல்லாம் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார்.

என் கணக்கு அப்படியே சரிந்தது. பையனே இல்லை என்றால் தூது யாருக்கு? படகில் டீச்சர் கேட்ட கேள்வி யார் சார்பில்? அந்த ராத்திரி முழுக்க யோசித்தும் பிடிபடவில்லை.

விடிகிற நேரத்தில் அத்திபெலே சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். பர்மிட் வேலை முடியக் கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். எதிரே ஒரு காபிக் கடை. அப்பா என்னையும் டீச்சரையும் கேட்காமலே கடைக்காரரிடம் கன்னடத்தில் சொன்னார்: "மூரு காஃபி. ஒந்தக்கே சக்கரெ பேடா."

மூன்று காபி, ஒன்றில் சர்க்கரை வேண்டாமாம். நானும் அப்பாவும் தூக்கலாகச் சர்க்கரை போட்டுக் குடிக்கிறவர்கள். அப்பா அந்தச் சர்க்கரையில்லாத காபியை எடுத்து, மேலே பிடித்திருந்த ஆடையைக் கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டு, டீச்சரிடம் நீட்டினார். அவர் நன்றி சொல்லவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. பல நாள் அதே கையிலிருந்து வாங்கியவர் வாங்குவது போல வாங்கிக்கொண்டார்.

எனக்கு அங்கேயே எல்லாம் விளங்கியது. மீசைச் சாயம், ஸ்கூல், தரங்கம்பாடி, தூக்கி வைத்த பை. பெண் பார்க்கத்தான் கூட்டிப்போயிருக்கிறார். ஆனால் பார்க்க வேண்டியவள் நான். சரி என்று சொல்ல வேண்டியவளும் நான். சந்தேகப்படுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தேன். மூன்று நாளாகக் கண்ணெதிரே நடந்தது மட்டும் தெரியவில்லை. நான் விரட்டிவிட்டது அப்பாவின் துணையை.

கண்டோன்மென்டில் இறங்கும்போது டீச்சர் என் தோளைத் தொட்டு, "வரேன்மா. அப்பாவை நல்லாப் பார்த்துக்கோ" என்றார். அப்பா பையை இறக்கிக் கொடுத்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மாப்பிள்ளை வீட்டுத் தூது என்று நினைத்துப் படகில் சொன்னதைச் சொன்னேன். அப்பா முதலில் முழித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாப்பா?" என்று அழுதேன்.

"சொன்னா நீ எனக்காகச் சரின்னுடுவே. மனசுக்குள்ள வேண்டாம்னு வெச்சிக்கிட்டு சரின்னுடுவே. உன் நெஜமான மனசு தெரியணும்னுதான் சொல்லல. அவங்களுக்கும் அதே பயம்தான். இந்த வயசுல, வேற சாதி வேற மதம்னு வந்து, பொண்ணு முகம் சுளிச்சா என்ன பண்றதுன்னு."

என் சந்தேகம் யாரிடமிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை ரிச்சர்ட்ஸ் டவுனில் டீச்சர் வீட்டுக்கு நானே போனேன். டீச்சர் வாசலில் ரோஜாத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். தூது என்று நினைத்ததைக் கேட்டு அவரும் அப்பாவைப் போலவே சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

"அன்னைக்குச் சொன்னதெல்லாம் பொய், டீச்சர். விரட்டணும்னு சொன்னது."

"எல்லாமா?"

"எல்லாமும்."

அவர் குவளையைக் கீழே வைத்தார். "அம்மா வெச்ச டம்ளரை நகர்த்தினா பொறுக்காதுன்னியே. அதுவுமா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சமையலறை அலமாரி கண்ணுக்குள் வந்தது. அம்மா கவிழ்த்து வைத்த வரிசை. ஒரு முறை அத்தை வந்து அதைக் கலைத்துவிட்டுப் போனபோது, உட்கார்ந்து அழுதுகொண்டே திருப்பி அடுக்கியிருக்கிறேன். ஒரு நொடிதான் தாமதித்தேன். பிறகு, "அதுவும்தான்" என்றேன்.

"முப்பது வருஷமா பசங்க மூஞ்சியைப் பார்த்துப் பாடம் நடத்துறேன்மா" என்றார் அவர், கோபமே இல்லாமல். "நீ நல்ல பொண்ணு. காபி குடிச்சிட்டுப் போ."

அதன்பிறகு எவ்வளவோ கெஞ்சினேன், அப்பாவும் இரண்டு முறை போய்ப் பேசினார். அவர் வரவில்லை. பள்ளிக் கட்டடம் முடிந்தது. சில வருஷங்களில் டீச்சர் ஓய்வு பெற்று நாகர்கோவிலில் தங்கை வீட்டோடு போய்விட்டார் என்று அப்பாவே ஒருநாள் பேப்பர் படித்தபடி சொன்னார். அவர் மீசை அதற்குள் முழுக்க வெளுத்திருந்தது.

அன்றைக்கு அவர் நடக்கப் போயிருந்தபோது, நான் அலமாரியைத் திறந்து அம்மாவின் டம்ளர்களை எல்லாம் எடுத்து, கீழ்த்தட்டில் மாற்றி வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அழுகைகூட வரவில்லை. அப்பா திரும்பி வந்து வழக்கமான இடத்தில் கையை விட்டார், இல்லையென்றதும் குனிந்து கீழே பார்த்தார், ஒரு டம்ளரை எடுத்துக் காபியை ஊற்றிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.