யோகம் மூட்டாத அடுப்பு

ஜேர்மனியின் வுப்பர்டாலில் யூதச் சபையின் சமையலறையை யோகம் பொறுப்பெடுத்துப் பல வருஷம். அவர்கள் முறைப்படி கலக்கக்கூடாத இறைச்சிச் சட்டியும் பால் சட்டியும் அவர் கையில் ஒருநாளும் மாறிப்போனதில்லை. அடுப்பை மட்டும் அவர் மூட்டுவதில்லை. யூதர் ஒருவர் மூட்டிய நெருப்பில்தான் சமைக்கலாம் என்பது அங்கே முறை. மேற்பார்வை பார்க்கிற போரிஸ் காலையில் வந்து மூட்டுவார். சின்னதாய் ஒரு சுவாலை நாள் முழுக்க எரியும். கூட்டுவதும் குறைப்பதும் சமைப்பதும் யோகம்.

உக்ரைனில் சண்டை தொடங்கியதும் சபை மண்டபத்தில் கட்டில்கள் போட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை கார்கிவ் ஆட்கள் ரயிலில் வருகிறார்கள் என்று செய்தி. ஆட்கள் வரப்போகிறார்கள் என்றால் யோகத்தின் கை சும்மா இருக்குமா? அடுப்பை நிறுத்தி, தேய்த்துக் கழுவி, பளபளவென்று துடைத்து முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது.

போரிஸ் விடியவே மூட்டிவிட்டுப் போலந்து எல்லைக்குப் போய்விட்டார். சபையின் மதகுரு ராபியும் மற்றவர்களும் ரயில் நிலையத்தில்; ராபிக்குப் போன் அடிக்கிறது, எடுக்கிறாரில்லை. தமிழரின் கோயில் ஆட்கள் கொடுத்த காய்கறியோடு வந்த சதீசன் கதவடியில் நின்று சிரித்தான்.

"லைட்டர் கையில கிடக்கு. தட்டி விடுங்கோ அக்கா. ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"அவையளிலும் பெரிய யூதரா வந்திட்டியள்."

"ஆரும் பாக்காத நேரம் உன்ர சாமியறைக்குள்ள சப்பாத்துக் காலோட வரட்டோ?"

சதீசன் கரட் வெட்டத் தொடங்கினான்.

பொழுது பட்டால் அவர்களுடைய ஓய்வுநாள். பிறகு யாருமே அடுப்பு மூட்ட ஏலாது. வருகிறவர்களுக்குக் குளிர்ந்த பாண் ரொட்டிதான். இந்த நாட்டுக்கு வந்த முதல்நாள் அகதி முகாமில் யோகத்துக்குக் கிடைத்ததும் அதுதான். வயிறு நிறைந்தது, குளிர் போகவில்லை. இவர்களுக்கு அப்படி நடக்க விடுவதாயில்லை.

முதல் வான் வந்தது. ராபியும் சபையாரும் அடுத்த ரயிலுக்காக அங்கேயே நின்றுவிட்டார்களாம். பெண்கள், பிள்ளைகள், தடி ஊன்றிய கிழவர் ஒருவர்.

"வந்திட்டினம். ஆர் யூதர் எண்டு கேளுங்கோ, அலுவல் முடிஞ்சுது" என்றான் சதீசன்.

யோகம் கேட்கத்தான் போனார். மண்ணிறக் கோட்டுப் போட்ட பெண் ஒருத்தி பையை இரண்டு கையாலும் அணைத்தபடி, வெளியே போகும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொழும்புச் சோதனைச்சாவடியில் அடையாள அட்டையைப் புரட்டிக்கொண்டு ஆமிக்காரன் ஒருவன் "தமிழா?" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. அந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஒன்றும் இருக்கவில்லை. இவர்களிடம், அதுவும் இந்த நாட்டில் வைத்து, நான் கேட்கிறதோ?

லைட்டரை உயர்த்திப் பிடித்தார். சபையாரோடு பழகிப் பிடித்த அரைகுறை ரஷ்ய மொழியில் சொன்னார்: "கோழி சூப் வைக்க எல்லாம் தயார். இந்த அடுப்பை நான் மூட்டக்கூடாது. மூட்டக்கூடியவர் யாராவது வாருங்கள்."

மண்ணிறக் கோட்டுக்காரி பையைக் கீழே வைத்தாள்.

"உங்கள் சட்டமெல்லாம் எனக்குத் தெரியாது. அம்மா யூதர். அவவின் அம்மாவும். போதுமா?"

"தாராளம். தாய்வழிதான் கணக்கு" என்றார் யோகம்.

அவள் லைட்டரை வாங்கித் தட்டினாள், பக்கென்று பற்றியது. யோகம் பானையைத் தூக்கி வைத்தார். லுத்மிலா, அதுதான் அவள் பெயர், சதீசன் கண்டபடி வெட்டிய கரட்டைப் பார்த்து 'ச்சு' கொட்டி, கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு அவன் கையிலிருந்த கத்தியை வாங்கினாள்.

"அக்கா, என்ர வேலை போச்சு!"

"நல்லது. போய்க் கோப்பைகளை எடுத்து வை."

பொழுது படுமுன் ராபி மூச்சிரைக்க ஓடிவந்தார். தவறிய அழைப்புகளைப் பார்த்திருக்க வேண்டும். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை, அடுப்பைத்தான் பார்த்தார். "யார் மூட்டியது?"

யோகம் அகப்பையால் லுத்மிலாவைக் காட்டினார்.

ராபி தொப்பியைச் சரிசெய்து, லுத்மிலாவுக்கு வணக்கம் சொல்லி, ஒரு கோப்பையை எடுத்து நீட்டினார்.

"வரிசையில நில்லுங்கோ" என்றார் யோகம் தமிழிலேயே. ராபிக்கு விளங்கியது, கிழவரின் பின்னால் போய் நின்றார்.